பாலத்துக்கு நேர்ந்துவிட்ட பிள்ளை

என் அப்பா என்னைப் பாலத்துக்குப் பலி கொடுக்கச் சம்மதித்துவிட்டார் என்று எட்டு வயதில் நான் முழுமனதாக நம்பினேன். இப்போது எனக்கு ஐம்பதை நெருங்குகிறது. தினமும் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பூகோளம் நடத்துகிற உத்தியோகம். யாராவது வகுப்பில் இப்படி ஒரு நம்பிக்கையோடு எழுந்து நின்றால் பெஞ்சுமேல் ஏற்றிவிடுவேன். ஆகவே சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் சொல்கிறேன்: சாட்சியங்கள் எல்லாம் என் பக்கம் இருந்தன.

கிளியனூரைத் தாண்டித் திண்டிவனம் போகிற ரோட்டின் குறுக்கே ஓர் ஓடை. கோடையில் ஆடுகூடக் குடிக்கத் தண்ணீர் இருக்காது. ஐப்பசியில் வண்டியை மாட்டோடு உருட்டிக்கொண்டு போகும். யுத்தம் வரப்போகிறது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்த அந்த வருஷம் அங்கே பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். என் மாமா, அம்மாவுக்குத் தம்பி, அந்தப் பாலத்தில் மண் சுமந்தார். சாயங்காலம் எங்கள் குடிசை வாசலில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டே அன்றைய சேதிகளைச் சொல்வார். ஒரு வாய் கூழுக்கு ஒரு சேதி. கூழ் தீர்ந்துவிட்டால் சேதியும் நின்றுவிடும் என்பதால் அம்மா இன்னொரு கரண்டி ஊற்றுவாள்.

தூண் இரண்டு தரம் சரிந்துவிட்டதாம். ஓடை பலி கேட்கிறதாம். எதுவானாலும் சரி என்று கொடுத்துவிட முடியாதாம். தலைச்சன் பிள்ளையாக இருக்கவேண்டும், உடம்பில் காயத் தழும்பு இருக்கக் கூடாது, சொத்தைப் பல் இருக்கக் கூடாது. மாமா இதையெல்லாம் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்போல விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். நான் நாக்கால் என் பற்களைத் தடவிப் பார்த்தேன். துரதிர்ஷ்டவசமாக எல்லாம் நன்றாக இருந்தன.

"நான் தலைச்சன் இல்ல மாமா," என்றேன். "அக்காதான் மொதல்ல பொறந்துச்சி."

"பொட்டப்புள்ள கணக்குல சேராதுடா," என்றார் மாமா.

அக்காவுக்கு அப்போது பதினொரு வயது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே, "அப்ப நாளைக்கு எங்கம்மாகிட்ட வந்து பொண்ணு கேக்காத மாமா. கணக்குல இல்லாதவள எப்படிக் கட்டிக்குவ?" என்றாள். மாமாவுக்குக் கூழ் புரையேறிவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நான் பயப்படத் தொடங்கிவிட்டிருந்தேன்.

பத்து நாள் கழித்துப் பங்குசாமியார் வந்தார். வெள்ளைக்காரர். தாடி மார்பு வரைக்கும் தொங்கும். தமிழைப் புத்தகத்தில் படித்து வந்தவர். அவர் பேசினால் எங்களுக்குப் பாதி புரியாது, நாங்கள் பேசினால் அவருக்கு முழுதும் புரியாது. வருஷத்துக்கு இரண்டு தரம் எங்கள் சேரிக் கீற்றுக் கோயிலில் பூசை வைப்பார். அன்று பூசை முடிந்ததும் பையன்களை வரிசையாக நிற்கவைத்தார். என் முறை வந்தபோது வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார். கண்ணிமையை மடக்கிப் பார்த்தார். தலைமயிரை விலக்கிப் பார்த்தார். கைவிரல் இடுக்கையெல்லாம் பிரித்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "இவன் உன் மூத்த குமாரனோ?" என்று கேட்டார்.

அம்மா பூரித்துப் போய், "ஆமாங்க சாமி, மூத்தவன்," என்றாள்.

பல்லும் சரி, தலைச்சனும் சரி என்று ஆகிவிட்டது. சாமியார் ஞானஸ்நானப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, அதில் என் பெயரைத் தேடிப்பிடித்து, பக்கத்தில் ஒரு கோடு கிழித்தார். திண்டிவனத்தில் போர்டிங் பள்ளிக்கூடம் இருக்கிறது, ஆனி மாதம் பிள்ளையைக் கொண்டுவந்து விடவேண்டும், ஒரு வீட்டுக்கு ஒருவன் மாத்திரம், இடம் அவ்வளவுதான் என்றார். பிறகு அக்காவைக் கூப்பிட்டு ஜெபங்கள் அச்சிட்ட மந்திரப் புத்தகத்தை நீட்டினார். உபதேசியார் கோயிலில் தினமும் காலையில் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்ததை வைத்துக்கொண்டு அவள் ஒரு பக்கம் தடுக்காமல் வாசித்தாள். சாமியார் தாடியைத் தடவிக்கொண்டு, "இந்தச் சிறுமிக்கு வருகிற வருஷம் கன்னியர் மடத்துப் பள்ளியில் இடம் வைக்கச் சொல்கிறேன்," என்றார். வருகிற வருஷம் என்பது மறுநாள் என்று நினைத்தாளோ என்னவோ, அக்கா அன்று மத்தியானமே தன் ஒரே பாவாடையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, அது காயும்வரை வெளியே வராமல் உட்கார்ந்திருந்தாள்.

போர்டிங் என்றால் என்ன என்று அம்மாவைக் கேட்டேன். அவளுக்கும் தெரியாது. "அங்கயே வெச்சிக்குவாங்க, மூணு வேள சோறு போட்டுப் படிப்பு சொல்லித் தருவாங்க," என்றாள். எனக்குச் சந்தேகம் வலுத்தது. எட்டு வயதுக்குள் நான் கற்றுக்கொண்ட உலக ஞானத்தில் முதன்மையானது, யாரும் யாருக்கும் சும்மா சோறு போடமாட்டார்கள் என்பது. எங்கள் பக்கத்தில் வேலை வாங்காமல் சோறு போட்டு வளர்க்கிற ஜீவன் ஒன்றே ஒன்றுதான்: மேல்மலையனூர் அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கடா.

அது மட்டுமில்லை. பள்ளிக்கூடம் போகிற பையன் ஒருவனை எனக்கு நேரிலேயே தெரியும். பெரிய வீட்டுப் பையன். என் வயதுதான். வில்வண்டியில் ஏறித் திண்டிவனம் போய்ப் படித்தான். அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது ஒருவரும் வாயைத் திறக்கச் சொல்லவில்லை. விரல் இடுக்கைப் பார்க்கவில்லை. மூத்த குமாரனோ என்று கேட்கவும் இல்லை. அவனுக்கு இரண்டு சொத்தைப் பல் வேறு. படிப்புக்குத்தான் என்றால் என் பல் எதற்கு?

பெரிய வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பா அந்த வீட்டுப் படியாள். தாத்தா வாங்கிய ஏதோ கடனுக்கு அப்பா உழைத்துக்கொண்டிருந்தார். நான் அவரோடு கொசுறாகப் போனவன். ஆறு வயதிலிருந்து அவர்களுடைய பதினாலு மாடுகளும் என் பொறுப்பு. காலையில் கூழ், மத்தியானம் கூழ், தை மாதம் ஒரு துண்டு. மாடுகளுக்கு என்னைப் பிடிக்கும். எனக்கும் அவற்றைப் பிடிக்கும். ஒரே ஒரு வெள்ளைக் கிடேரி மட்டும் முட்டும். அதற்கு எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்று எனக்குத் தெரியும்.

சித்திரை முடிவதற்குள் சாட்சியங்கள் குவிந்துவிட்டன. அம்மா கூழின் அடிக்கெட்டியை எனக்கு ஊற்றிவிட்டு மேல்தண்ணீரை அக்காவுக்கு ஊற்றினாள். கோழி முட்டையை விற்காமல் எனக்கு அவித்துக் கொடுத்தாள். அப்பா திண்டிவனம் சந்தையிலிருந்து ஓர் அலுமினியத் தட்டு வாங்கிவந்து, அதன் பின்பக்கத்தில் என் பெயரின் முதல் எழுத்தை ஆணியால் குத்திவைத்தார். அதுவரை எங்கள் வீட்டில் பெயர் போட்ட பொருள் ஒன்றும் கிடையாது. ராத்திரி படுத்துக்கொண்டு, எதற்கு எழுத்து, எந்தப் பிள்ளை எந்தத் தூணுக்கு என்று மேஸ்திரி அடையாளம் பார்க்கத்தானே என்று யோசித்தேன். யோசிக்க யோசிக்க எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் முட்டையை மிச்சம் வைத்ததாக ஞாபகம் இல்லை.

கடைசியாக வந்தது பெரிய சாட்சியம். ஒருநாள் சாயங்காலம் மாட்டுக்கொட்டகையில் கன்றுகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். அப்பா பின்கட்டு வாசலில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்று, பெரிய வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"பையனுக்கு அடிக்கடி மயக்கம் வருதுங்க ஆண்டே. மாட்டுக்கு நடுவுல வுழுந்துட்றான். சாமியாரு திண்டிவனத்துல வெச்சி வைத்தியம் பாக்கறேன்னு சொல்றாரு."

அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "சீக்குக்காரன வெச்சிக்கினு நான் இன்னாடா பண்றது? இட்டுக்கினு போ. நான் வேற பையன் பாத்துக்கறேன்," என்றார்.

அப்பா குனிந்து கும்பிட்டார். எனக்கு மயக்கமா? என் ஆயுளில் ஒருநாள்கூட நான் மயங்கி விழுந்ததில்லை. வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் கேட்டால் அவள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, "பெரிய வீட்டுல யாரு கேட்டாலும் தல சுத்துதுன்னு சொல்லு. வேற எதுக்கும் வாயத் தொறக்காத, என் ராசா," என்றாள். ஆக அவளும் கூட்டு.

பெற்றவர்களே கைவிட்ட பிறகு பிள்ளை யாரிடம் போவான்? என்னைக் காப்பாற்ற யாருக்குச் சக்தி உண்டு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாமாவுக்கு இல்லை, உபதேசியாருக்கு இல்லை. எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர் ஒருவர்தான். நானும் அந்த எல்லாவற்றில் சேர்த்தி. தன் பொருளை ஓடைக்குக் கொடுக்க எந்த மனிதர் சம்மதிப்பார்?

மறுநாள் விடிந்ததும் ஓடினேன். பெரிய வீட்டுக்காரர் கிணற்றடியில் வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் கொட்டகையைத் தாண்டிப் போகக்கூடாது. எல்லையில் நின்றுகொண்டு கூவினேன்.

"ஆண்டே, எனுக்கு ஒரு சீக்கும் இல்லீங்க. எங்கப்பா பொய் சொல்லுது."

அவர் திரும்பிப் பார்த்தார். வெறும் வாய்ச்சொல்லை நம்பமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. அங்கேயே மூன்று கரணம் போட்டேன். வைக்கோல் போரை இரண்டு சுற்று ஓடிவந்தேன். பிண்ணாக்கு மூட்டையைக் கட்டிப்பிடித்து ஒரு முழம் தூக்கினேன். கீழே போட்டது கொஞ்சம் சத்தமாகத்தான் போட்டேன். மூச்சிரைக்க நின்று, "மயக்கமே வரல பாருங்க ஆண்டே," என்றேன்.

அவர் வாயிலிருந்த எச்சிலைத் துப்பிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "பின்ன எதுக்குடா ஒங்கப்பன் பொய் சொன்னான்?"

"என்னப் பாலத்துக்கு பலி குடுக்கறதுக்குங்க."

இன்னும் சிரித்தார். சாமியார் என்ன சொன்னார், கேட்டதைக் கேட்டபடி சொல் என்றார். பல்லைப் பார்த்தது, கோடு கிழித்தது, முட்டை, தட்டு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, முத்தாய்ப்பாக, "மூணு வேள சோறு போட்டுப் படிப்பு சொல்லித் தராங்கன்னு ஏமாத்தறாங்க ஆண்டே," என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது.

"படிப்பா?" என்றார்.

அந்த ஒரு சொல்லில் என் உயிர் திரும்பி வந்தது. இவருக்கும் சந்தேகம் தட்டிவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைத்தேன். அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். யாரோ வந்து வறுத்த மல்லாட்டை இரண்டு கை அள்ளி, தொடாமல், உயரத்திலிருந்து என் துண்டில் போட்டார்கள். "நான் இருக்கறவரைக்கும் ஒன்ன யாரும் பாலத்துல போட முடியாது. போயி ஒங்கப்பன வரச் சொல்லு," என்றார். உலகத்திலேயே என்மேல் அக்கறையுள்ள ஒரே ஆத்மா அவர்தான் என்று முடிவுகட்டினேன்.

அப்பாவை அழைத்துவந்துவிட்டு நான் வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துத் தின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன். பெரிய வீட்டுக்காரர் கத்தவில்லை. எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது.

"பையன் கரணம் போட்றான், பாத்தியா? நல்ல மயக்கம்டா," என்றார்.

அப்பா துண்டைக் கக்கத்தில் இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"பொய் சொன்னதுக்கு நான் கோவிச்சிக்கல. படிக்கணுமா, படிக்கட்டும். சாமியாரப் பகச்சிக்கினு எனக்கு இன்னா ஆவப்போவுது? ஆனா பதினாலு மாட்டுக்கும் ஒரு வழி சொல்லிட்டுப் போ."

"வேற பையன் பாத்துக்கறேன்னு நேத்து சொன்னீங்களே ஆண்டே."

"அது சீக்குக்காரனுக்குச் சொன்னது. திடமா இருக்கறவன நான் ஏன் சும்மா வுடணும்? ஒன் வீட்டுலதான் இன்னொண்ணு கீதே."

"அது பொண்ணுங்க ஆண்டே. நல்லா வாசிக்குது. அடுத்த வருசம் சாமியாரு..." அப்பா பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"மாட்டுக்கு ஆணு இன்னா, பொண்ணு இன்னா?" என்றார் அவர்.

கக்கத்திலிருந்த துண்டு கீழே விழுந்ததை அப்பா கவனிக்கவில்லை. நான் எடுத்துக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். மல்லாட்டை இன்னும் பாக்கி இருந்தது.

அன்று அப்பா என்னை அடிக்கவில்லை. இதை நன்றாகக் கவனிக்கவேண்டும். மாட்டை ஒரு வரப்பு தாண்டவிட்டால் முதுகுத்தோலை உரிக்கிற மனிதர், தன்னைப் பொய்யனாக்கி எஜமானர் முன்னால் நிறுத்திய பிள்ளையை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் சந்தேகம் உறுதியானது. பலிக்கடாவை யாராவது அடிப்பார்களா? தழும்பு விழுந்துவிடுமே.

ராத்திரி அப்பா அம்மாவிடம் நடந்ததைச் சொன்னார். சுருக்கமாகச் சொன்னார். அம்மா அக்காவைப் பார்த்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எவ்ளோ நாளுக்கு?"

மாமா அன்றைக்குக் கூழ் குடிக்காமலே எழுந்து போனார்.

எனக்கு எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. இது அக்காவின் சதி. மாடு, கன்று, மத்தியானக் கூழ், புளியமரத்து நிழல், எஜமானரே அள்ளிப்போடச் சொன்ன மல்லாட்டை, இத்தனை சுகத்தையும் அவள் பிடித்துக்கொண்டு என்னை ஓடைக்கு அனுப்புகிறாள். கணக்கில் சேராதவள் எவ்வளவு சாமர்த்தியமாகக் கணக்குப் போட்டிருக்கிறாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பொறுக்கமாட்டாமல், "நீ வேணும்னே பண்ண," என்றேன்.

"நான் இன்னாடா பண்ணேன்?"

"எம் மாட்டையெல்லாம் புடிச்சிக்கின."

அவள் என்னை ஒரு விதமாகப் பார்த்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள், "வெள்ளக் கெடேரி முட்டுமாமே. எந்தப் பக்கம் நிக்கணும்?" என்று கேட்டாள்.

சொல்லமாட்டேன் என்றேன்.

ஆனி பிறந்ததும் ஒருநாள் காலையில் அப்பா தட்டையும் பாயையும் தலையில் வைத்துக்கொண்டு என்னை நடத்திக்கொண்டு போனார். அக்கா வீட்டில் இல்லை; மாடு ஓட்ட இருட்டோடு போயிருந்தாள். ஓடை வந்தது. தண்ணீர் இல்லை, குழியும் சேறுமாகக் கிடந்தது. தூணுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு பலகை போட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் முண்டாசு கட்டிய மேஸ்திரி ஒருவர் நின்றுகொண்டு, கையை நீட்டி, "பையனை இப்படிக் குடு," என்றார்.

நான் இவ்வளவு காலம் எதிர்பார்த்திருந்த வாசகம் அதுதான். அவர் கையைக் கடித்தேன். எனக்குச் சொத்தைப் பல் இருக்கிறது, நான் தலைச்சன் இல்லை, அக்காதான் தலைச்சன், வேண்டுமானால் கோயில் புத்தகத்தைப் பாருங்கள் என்று கிளியனூருக்கே கேட்கும்படி அலறினேன். சித்தாள் பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார்கள். மேஸ்திரி கையை உதறிக்கொண்டே, "சொத்தப் பல்லு இந்தக் கடி கடிக்குமாடா?" என்றார். மாமா மண்கூடையோடு அங்கேதான் நின்றிருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். பலி நேரத்தில் உறவுக்காரர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பலகையைத் தாண்டினார். தாண்டிய பிறகும் இறக்கிவிடவில்லை. திண்டிவனம் எல்லை வரைக்கும் தோளிலேயே சுமந்துபோனார். அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

போர்டிங்கில் முதல் ஒரு வாரம் எடை ஏறிவிடக் கூடாது என்று அரை வயிறு சாப்பிட்டேன். இரண்டாவது வாரம் பசி ஜெயித்தது. மூன்றாவது மாதம் எழுத்துக்கூட்டி வாசித்தேன். கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குப் போனபோது, நான் எப்படி எல்லாரையும் ஏமாற்றித் தப்பித்தேன் என்று அக்காவிடம் பெருமையடித்துக்கொண்டேன். அவள் என் வாசகப் புத்தகத்தை வாங்கி, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, கடைசிப் பக்கம் வரை திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மாடு கட்ட நேரமாகிவிட்டது என்று எழுந்து போனாள். அவளுக்குப் பொறாமை என்று நினைத்தேன்.

பாலத்தில் ஒருவரையும் புதைக்கவில்லை. அப்பா என்னைப் படிக்க அனுப்புவதற்காக ஒரு பொய் சொன்னார். அந்தப் பொய் நின்றிருந்தால் நாங்கள் இரண்டு பேரும் படித்திருப்போம். நான் அதைக் கலைத்தேன். அக்கா ஏழு வருஷம் பெரிய வீட்டு மாடுகளை மேய்த்தாள். அடுத்த ஆனியில் கன்னியர் மடத்தில் அவளுக்காக வைத்திருந்த இடத்தில் வேறு ஊர்ப் பெண் ஒருத்தி சேர்ந்தாள்.